தலைவர் வளையம்

அன்று மாலை மூன்று மணிக்கு, இரவு வானத்தைப் படம் பிடிக்கிறவர்களின் வான்படச் சங்கத்தின் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள், வாசலுக்கு இடப்பக்கம் தொடங்கி, ஆறு பேர்.

முதலாவது, பல் டாக்டர். வாசலை ஒட்டிய நாற்காலி. கீழ்மாடியில் அவருடைய கிளினிக்கில் ஒருவர் மரத்துப்போன தாடையுடன் காத்திருந்ததால், டாக்டரின் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது.

இரண்டாவது, செயலாளர். ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். எதிரில் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகம். கூட்டத்தில் யார் வாயைத் திறந்தாலும் அதில் எழுதிக்கொள்வார். யார் எந்தத் தாளைக் காட்டினாலும் வாங்கி ஒட்டிக்கொள்வார், பசை வீணாகாமல் மேல் விளிம்பில் மட்டும். புத்தகம் நிறைமாதக் கர்ப்பிணி போல வயிறு தள்ளியிருந்தது.

மூன்றாவது, ஜன்னலுக்கு முதுகு காட்டித் தலைவர். ஊரிலேயே பெரிய மெத்தைக் கடை அவருடையது. அந்த அறையில் மெத்தை போட்ட நாற்காலியும் அவருடையது மட்டும்தான்.

நான்காவது, மேஜையின் கடைசியில், சாய்மானம் இல்லாத முக்காலியில், தையலக்கா. கோட்டும் பள்ளிச் சீருடையும் தைப்பவர். எங்களை அழைத்தவர் அவர்தான்.

ஐந்தாவது, பழுதான பிரிண்டரின் மேல் மாப்பிள்ளை. என் மனைவியின் தம்பி, என் உதவியாளன். முன்பு ஸ்டூடியோ ஒன்றில் பதினைந்து வருடம் கல்யாண ஆல்பங்களில் முகங்களை வெளுத்தவன்.

ஆறாவது, நான். துப்பறிவது என் தொழில். எனக்கு நாற்காலி இல்லை, நின்றுகொண்டிருந்தேன். ஆகவே முதல் வரியில் ஓர் ஆளைக் கழித்துக்கொள்ளவும்.

மேஜையின் மேல் இருந்தவை: இரண்டு படங்கள், ஒரு மன்னிப்புக் கடிதம், ஒரு சாவி.

சாவியிலிருந்து தொடங்குவதே முறை. ஊருக்கு வெளியே குன்றின் மேல் சங்கத்துக்கு ஒரு கொட்டகை உண்டு. தெருவிளக்கு எட்டாத இடம். தையலக்காவின் தொலைநோக்கி அதற்குள் இருந்தது. கடையில் வாங்கியது அல்ல. ஆர்டருக்கும் ஆர்டருக்கும் இடையில், பதினான்கு மாதம் கண்ணாடி வில்லையைக் கையால் தேய்த்துத் தேய்த்துக் குழிவாக்கி, அவரே செய்தது. ஐந்து மணிக்குள் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் சாவி அவரிடம் இருக்கும். கூடவே ‘திருடி’ என்ற பெயரும் இருக்கும். போடாவிட்டால் உறுப்பினர் பதவி போகும், சாவி போகும். சங்க விதி பதினொன்றின்படி கொட்டகைக்குள் இருக்கும் பொருளெல்லாம் சங்கத்துக்குச் சேரும்.

"அந்த விதியை யார் எழுதினது?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"நான்தான்" என்றார் தலைவர்.

"எப்போ?"

"போன வாரம்."

செயலாளர் எழுதிக்கொண்டார்.

இனி படங்கள். இரண்டும் ஒரே அளவுத் தாளில், சங்கத்தின் ஒரே பிரிண்டரில், அது பழுதாகும் முன், அச்சானவை. இரண்டிலும் ஒரே நெபுலா. நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மூட்டம் போட்ட மாதிரி ஒரு மேகம். தையலக்காவின் படத்தில் அந்த மேகம் மங்கிய செங்கல் நிறத்தில், ஒன்றும் பேசாமல், வலப்பக்கம் சாய்ந்திருந்தது. தலைவரின் படத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஊதா, தங்கம், மயில்நீலம் என்று மூன்று கடைகளின் விளம்பரப் பலகைகள் மோதிக்கொண்டது போல இருந்தது. இடது ஓரத்தில், இருட்டில், வெளிர்பச்சையாக ஒரு சின்ன வளையம்.

"அதுதான் என் கண்டுபிடிப்பு. எந்த வான வரைபடத்திலும் கிடையாது. வெளிநாட்டு வான்பொருள் பதிவகத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். ‘தலைவர் வளையம்’. பதிலும் வந்தாச்சு" என்றார் தலைவர்.

பதில் சுவரில் சட்டத்துக்குள் தொங்கியது. ‘தங்கள் கடிதத்துக்கு நன்றி’ என்ற வரி வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே தாள் பின்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. நான் சட்டத்தைத் திருப்பிப் படித்தேன். ‘ஒரு மாதத்துக்குள் தகுந்த ஆதாரத்துடன் உறுதிப்படுத்தவும்.’

"சரி. இந்தம்மா மேல என்ன புகார்?"

"பார்த்தாலே தெரியலையா? சங்கத்தோட படப் போட்டிக்கு நானும் அனுப்பினேன், இவங்களும் அனுப்பியிருக்காங்க. என் படத்தைச் சாயம் போகத் துவைச்சு, இடம் வலமாத் திருப்பி, வளையத்தை அழிச்சு, தன்னோடதுன்னு கொடுத்திருக்காங்க!"

"தலைவரே, துவைச்சா சாயம் போகும்; உங்களதுக்கு ஏத்தியிருக்கு. அது என்னோட படம்" என்றார் தையலக்கா. குரல் உயரவில்லை. "மெருகு வகுப்புல எல்லாரும் பழகட்டும்னு, அடுக்கி முடிச்ச ஃபைலை நான்தான் இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டேன்."

"நானும்தான் என் ஃபைலை இதுல வச்சிருந்தேன். யாரோடதை யார் எடுத்தாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"தனித்தனியா எடுத்த படங்கள் இருக்குமே?" என்று கேட்டேன். ஒரு நெபுலாவைப் பிடிக்க நூறு, இருநூறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும் என்ற அளவுக்கு வழியிலேயே பாடம் படித்து வந்திருந்தேன்.

"அடுக்கினதும் அழிச்சுடுவேன் சார். என் கம்ப்யூட்டர்ல இடம் இல்லை."

"என்னுது டிஸ்க் போச்சு" என்றார் தலைவர் சட்டென்று.

நான் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் பெரிய நட்சத்திரங்களுக்கு நான்கு கை முளைத்திருந்தது, சிலுவை போல. தையலக்காவின் தொலைநோக்கி கண்ணாடி வகை. குழாயின் வாயில் ஒரு சின்னக் கண்ணாடியை நான்கு தகடுகள் தாங்கிப் பிடித்திருக்கும். அந்தத் தகடுகள்தான் நட்சத்திரத்துக்குக் கை வைப்பவை. தலைவருடையது லென்ஸ் வகை. பீரங்கி போல நீளம், வாயில் லென்ஸைத் தவிர வேறொன்றும் கிடையாது.

"உங்க லென்ஸ்ல தகடே இல்லையே. நட்சத்திரத்துக்குக் கை எப்படி முளைச்சுது?"

தலைவர் சிரித்தார். "அது அழகுக்குச் சேர்த்தது. சாஃப்ட்வேர்ல ஒரு பட்டன்."

"நானும் போடுவேன்" என்றார் பல் டாக்டர்.

"நானும் போட்டிருக்கேன், மாமியார் கம்மலுக்கு" என்றான் மாப்பிள்ளை. "மச்சான், இந்த வழி அடைச்சுப் போச்சு."

அடைத்துத்தான் போயிற்று. வளையத்தின் மேல் விரலை வைத்தேன். "இதை வானத்துல பார்த்தவங்க எத்தனை பேர்?"

"நூத்தி நாப்பது பேர் லைக் போட்டிருக்காங்க" என்றார் செயலாளர்.

"அது ஃபோன்ல. நான் கேட்டது வானத்துல."

டாக்டரும் செயலாளரும் தலைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு மாசமா ராத்திரியானா மேகம் சார்" என்றார் பல் டாக்டர்.

"மேகம் இல்லேன்னாலும், படம்தான் இவ்வளவு தெளிவா இருக்கே, வானம் எதுக்கு?" என்றார் தலைவர்.

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார். ஐந்து மணிக்குள் வருவதாகச் சொல்லிவிட்டுத் தையலக்காவும் நாங்கள் இருவரும் இறங்கினோம். படியில் மாப்பிள்ளை கிசுகிசுத்தான்: "வானத்தைப் பார்க்காத வான்படச் சங்கம் மச்சான். தண்ணியில இறங்காத நீச்சல் சங்கம் எங்கயாவது இருந்தா ரெண்டுக்கும் சம்பந்தம் பேசலாம்."

இரண்டு தெரு தள்ளி இருந்தது தையல் கடை. மூன்று மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, கை வைக்காத எட்டு கோட்டு. கம்ப்யூட்டர் ஒன்பதாவது கோட்டுக்கு அடியில் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில். கத்தரிக்கோல்கள்கூட உயர வரிசையில் தொங்கின. சங்கத்தில் அவருக்குச் சுத்தம் என்றுதான் பெயராம். யாருடைய லென்ஸில் விரல்ரேகை பட்டாலும் ‘தையலக்கா பார்த்துடப் போறாங்க’ என்பார்களாம்.

"அந்த அடுக்கின ஃபைலைத் திறங்க" என்றேன். "மாப்பிள்ளை, தலைவர் செய்த மாதிரியே நீ இதுக்கு மெருகு போடணும்."

"எந்த அளவுக்கு?"

"வெட்கமில்லாத அளவுக்கு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மெருகு போடுவது என்றால் என்ன என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். அடுக்கிய படம் முதலில் அட்டக்கறுப்பாக இருக்கிறது. இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கிறார்கள். தையலக்கா ஒரு கோடு வரை இழுத்து நிறுத்துவாராம். அதற்குமேல் இழுத்தால் துணி கிழியும் என்பது அவர் கணக்கு. மாப்பிள்ளை அந்தக் கோட்டைத் தாண்டினான். புகைக்கு நிறம் ஏறியது. இன்னும் இழுத்தான். புகை ஊதாவானது. இன்னும் இழுத்து, இடம் வலமாகத் திருப்பினான்.

"ஆல்பத்துல இந்த அளவுக்குப் போனா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணை அடையாளம் தெரியாம வேற கார்ல ஏத்திடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்தினான்.

இடது ஓரத்தில், இருட்டில், வெளிர்பச்சையாக ஒரு சின்ன வளையம்.

தையலக்கா கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். திரைக்கு அருகில் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"இது என் ஃபைல்தானே தம்பி?"

"உங்களதுதான் அக்கா."

"அப்போ... அப்போ இதை முதல்ல பிடிச்சது நானா?"

அவர் முக்காலியில் உட்கார்ந்து மடியில் கிடந்த நூல்துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வர முயன்று, வரலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் கோட்டைத் தாண்டி இழுக்கல. அதனால என் கண்ணுல படல. பட்டிருந்தா... எங்கம்மா பேரை வச்சிருப்பேன்."

அந்த நிமிடத்தை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மணி நாலு. ஒன்றைப் பார்த்தால் அதன் ஜோடியையும் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம்.

"அதே சமயத்துல வேற ஏதாவது படம் எடுத்தீங்களா? வேற நெபுலா?"

"ஒண்ணு எடுத்தேன். இது கிழக்குல ஏறும்போது அது மேற்குல இறங்கும். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை."

"அதையும் இழு மாப்பிள்ளை. அதே அளவு, அதே திருப்பு."

வேறு மேகம். வேறு நட்சத்திரங்கள். மாப்பிள்ளை இழுத்தான், இன்னும் இழுத்தான்.

இடது ஓரத்தில், வெளிர்பச்சையாக, அதே இடத்தில், அதே வளையம்.

"அக்கா" என்றான் மாப்பிள்ளை மெதுவாக, "உங்க நெபுலா உங்க கூடவே ஊர் சுத்துது."

முதலில் புரிந்துகொண்டவர் தையலக்காதான். எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பு, அனுமதி கிடைக்காமல், போய்விட்டிருந்தது.

"தூசி சார்" என்றார்.

"விளக்கமாச் சொல்லுங்க."

"கேமராவுக்குள்ள ஒரு தூசி உட்கார்ந்தா, அதோட நிழல் படத்துல கறுப்பா விழும். லென்ஸ் டெலஸ்கோப்புல அது முழுப் பொட்டா விழும். என்னுதுல வாயில சின்னக் கண்ணாடி மறைச்சுட்டு இருக்கறதால நடுவுல ஓட்டை விழுந்து வளையமாத் தெரியும். அதைச் சரி பண்ண, டெலஸ்கோப் வாயில வெள்ளைத்துணியைக் கட்டி, சாயங்கால வெளிச்சத்துல ஒரு வெள்ளைப் படம் எடுத்து வச்சுக்குவோம். எங்கெங்க இருட்டு, எவ்வளவு இருட்டுன்னு அதுல பதிஞ்சிருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து அந்தந்த இடத்துல வெளிச்சத்தைக் கூட்டிக்கும்."

"தூசியைத் துடைச்ச பிறகும் பழைய வெள்ளைப் படத்தையே கொடுத்தா?"

"இல்லாத இருட்டுக்கு வெளிச்சம் போடும்." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இளைச்சுப் போன ஆளுக்குப் பழைய அளவுல சட்டை தைச்ச மாதிரி. ஆள் இல்லாத இடத்துல துணி உப்பிட்டு நிக்கும்."

"புது வெள்ளைப் படம் ஏன் எடுக்கல?"

"சோம்பல் சார். பதினஞ்சு சீருடை அவசரம். பழசே ஆகும்னு விட்டுட்டேன்."

"துடைச்சது எப்போ?"

"ரெண்டு மாசம் முன்னாடி. சங்கத்துல இதே வெள்ளைப் படத்தைப் பத்தி நான் வகுப்பு எடுத்தேன். தூசி நல்லாத் தெரியணும்னு கறுப்பைக் கூட்டி அச்சடிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. ‘தையலக்கா கேமராவுலயே தூசியா’ன்னு தலைவர்தான் முதல்ல சிரிச்சார். மானம் போச்சுன்னு வீட்டுக்கு வந்ததும் ஊதித் தள்ளிட்டேன். அதுக்கப்புறம்தான் இந்த ரெண்டு படமும்."

"அந்த அச்சடிச்ச தாள் எங்கே?"

"செயலாளர் வாங்கி வச்சுக்கிட்டார்."

மாப்பிள்ளையும் நானும் ஒரே சமயத்தில் எழுந்தோம்.

"மச்சான்" என்றான் அவன், "அந்தப் புத்தகத்தோட பிரசவத்துக்கு நேரம் வந்துடுச்சு."

தையலக்கா எழவில்லை. "சார், இதைச் சொன்னா என் சோம்பலை நானே மேடை போட்டுச் சொன்ன மாதிரி. சுத்தம்னு இருந்த ஒரே பேரும் போயிடும்."

"சொல்லலைன்னா டெலஸ்கோப் போயிடும்."

அவர் உயர வரிசையில் தொங்கிய கத்தரிக்கோல்களைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டார். "கோணலாத் தைச்சா பிரிச்சுத்தான் ஆகணும். வாங்க."

நாலே முக்காலுக்கு அறைக்குள் நுழைந்தோம். உட்கார்ந்திருந்த வரிசையில் மாற்றம் இல்லை. பல் டாக்டர் மட்டும் இப்போது முக்கால் பங்கு வெளியே இருந்தார். தலைவர் மேஜையின் மேல் ஒரு புது விளம்பரத் தாளை விரித்து வைத்திருந்தார். ஊதா மேகம், பச்சை வளையம், நடுவில் ஒரு மெத்தை. கீழே பெரிய எழுத்தில்: ‘நெபுலா மெத்தை: வானமே கண்டுபிடித்த தூக்கம்.’

"எத்தனை அச்சடிச்சீங்க?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"அஞ்சாயிரம்."

"நல்ல தூக்கம்தான்."

நான் தலைவரிடம் பணிவாகச் சொன்னேன்: "எங்களுக்கு ஒரு சந்தேகம் தீர்ந்தா போதும். வளையம் உங்களுதுன்னு நீங்க ஒரு வார்த்தை புத்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டா, நான் இந்தம்மாவை மன்னிப்புக் கேட்கச் சொல்லிட்டுப் போயிடறேன்."

தையலக்கா என்னைப் பார்த்தார். தலைவர் மெத்தையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினார்.

"ஒரு வார்த்தை என்ன, பத்து வரி எழுதறேன். எழுதுங்க செயலாளர்! ‘இந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும், குறிப்பாகத் தலைவர் வளையம், என் தொலைநோக்கி, என் கேமரா, என் உழைப்பு. இதில் வேறு எவர் கையும் படவில்லை.’ போதுமா?"

"‘நட்சத்திரக் கைகளைத் தவிர’ன்னு சேர்க்கணுமா?" என்று கேட்டார் செயலாளர், முறைப்படி.

"சேர்த்துக்குங்க."

கையெழுத்து விழுந்தது. மை காயும்வரை காத்திருந்தேன். பிறகு செயலாளரிடம், இரண்டு மாதத்துக்கு முந்தைய வகுப்பின் பக்கத்தைக் கேட்டேன். அவர் எச்சில் தொடாமல், விரல்நுனியால், தேதி பார்த்துப் பார்த்துப் புரட்டினார். எடுத்தார்.

சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுத் தாள். வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்ன வளையம். அதன் கீழே செயலாளரின் மணியான கையெழுத்து: ‘தையலக்கா தமது கேமராவில் உள்ள தூசியை விளக்கினார். அனைவரும் சிரித்தனர்.’ அதற்கும் கீழே, ‘படித்தேன், சரி’ என்று தலைவரின் ஒப்பம்.

"தலைவரே, கொஞ்சம் வெளிச்சத்தை விடுங்க" என்றேன்.

அவர் நாற்காலியோடு நகர்ந்தார். ஜன்னலில் மாலை வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தான். மேல் விளிம்பில் மட்டும் பசை தொட்டிருந்ததால் தாள் சீட்டுப் போலத் தனியே தொங்கியது. தலைவரின் படத்தை, முகம் வெளிப்பக்கம் பார்க்க, கண்ணாடியில் ஒட்ட வைத்தேன். திருப்பியதைத் திரும்பவும் திருப்பியாயிற்று. அதன் மேல் சாம்பல் தாளைப் பொருத்தினேன்.

வெயில் இரண்டையும் துளைத்துக்கொண்டு வந்தது. கறுப்பு வளையத்துக்குள் பச்சை வளையம் போய் உட்கார்ந்தது, பொத்தான்துளைக்குள் பொத்தான் போல.

பல் டாக்டர் முழு உடம்போடும் உள்ளே வந்தார்.

"இது..." என்றார். "இது அன்னைக்குச் சிரிச்சோமே, அந்தத் தூசி!"

"அதேதான்" என்றான் மாப்பிள்ளை. "கறுப்பா இருந்தப்போ சிரிச்சீங்க, பச்சையா வந்ததும் லைக் போட்டீங்க. கலர் மாறினா மரியாதையே வேற!"

தூசி வளையமான கதையைத் தையலக்காவே சொன்னார். எழுந்து நின்று, ஒன்றும் விடாமல், சோம்பல் உட்பட. சொல்லி முடித்து உட்கார்ந்தபோது அவர் காதுமடல் சிவந்திருந்தது. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

அறையில் இருந்த எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் பார்வை மட்டும் ஐயாயிரம் விளம்பரத் தாள்களின் முதல் தாளில் இருந்தது. உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். போட்டுக்கொண்டிருந்தது வேறு கணக்கு. படம் அவருடையது என்றால், தூசியை நெபுலா என்று உலகத்துக்கே எழுதிப் போட்ட முட்டாள் அவர். படம் அவருடையது இல்லை என்றால்...

"இது என் படமே இல்லைங்க!" என்று எழுந்து நின்று கத்தினார் தலைவர். "வகுப்புக் கம்ப்யூட்டர்ல கிடந்த ஏதோ ஒரு ஃபைல். இந்தம்மாவோடதா இருக்கும்! தூசியும் அவங்களது! நான் வெறுமனே மெருகு போட்டேன், அவ்வளவுதான்! எனக்கும் இந்த வளையத்துக்கும் சம்பந்தமே கிடையாது!"

செயலாளரின் பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முற்றுப்புள்ளி வைத்தார். கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளி, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், வழக்கப்படி வாசித்தார்:

"‘மணி நாலு ஐம்பத்து மூன்று. தலைவர்: இது என் படமே இல்லை. இந்தம்மாவுடையதாக இருக்கும்.’ சரியா எழுதியிருக்கேனா தலைவரே? சரின்னா ஒப்பம் போடுங்க."

"மேலே ஒரு ஒப்பம், கீழே ஒரு ஒப்பம்" என்றான் மாப்பிள்ளை. "ரெண்டுக்கும் நடுவுல ஒரு தலைவர். மெத்தைக்கு நடுவுல பஞ்சு மாதிரி."

தலைவர் ஒப்பம் போடவில்லை. விளம்பரத் தாளைச் சுருட்டிக்கொண்டு, கீழே கிளினிக்கில் காத்திருந்தவருக்கும் கேட்கும்படி படியிறங்கினார். பல் டாக்டர் அவருக்கு வழி விட்டார். பிறகு திரும்பி வந்து, யாரும் கேட்காமலே, மன்னிப்புக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதுல இருக்கற பேரை மாத்தி நாளைக்கு அவருக்குக் கொடுக்கலாம்" என்றார்.

செயலாளர் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்து, ஒரு விரலால், மேஜையின் முழு நீளத்துக்கும் தள்ளிக்கொண்டே போய்த் தையலக்காவின் முன்னால் நிறுத்தினார்.

"விதி பதினொண்ணு?" என்று கேட்டேன்.

"அதுக்கு வாக்கெடுப்பு நடக்கல சார். தலைவர் சொன்னதை நான் புத்தகத்துல எழுதித்தான் வச்சேன். எழுதினதெல்லாம் செல்லாது."

தையலக்கா சாவியை முந்தானை நுனியில் முடிவதுபோலத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டார். போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் சுவரில் இருந்த சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பதிவகத்துக்கு யார் எழுதறது?"

"விடுங்க அக்கா" என்றான் மாப்பிள்ளை. "மாசம் முடிஞ்சா அவங்களே குப்பையில போட்டுடுவாங்க."

"போட மாட்டாங்க தம்பி. யாராவது ஒருத்தர், மேகம் இல்லாத ஊர்ல, கொட்டற பனியில உட்கார்ந்து அந்த இடத்தைத் தேடிட்டு இருப்பார். என் வீட்டுத் தூசியை." அவர் செயலாளரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கினார். "ஊதாப் பூச்சு தலைவரோடது. தூசி என்னோடது. நான்தான் எழுதணும்."

நான் பேனாவைக் கொடுத்தேன். கடிதம் எழுதுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று தொடங்கலாம் என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கோட்டுக்கு அளவு எழுதுவது போல, சின்ன எழுத்தில், வரிக்கு வரி நிறுத்தி எழுதினார். எழுதி முடித்து என்னிடம் காட்டினார்.

‘ஐயா, எங்கள் ஊரிலிருந்து உங்களுக்கு வந்த வளையம் வானத்தில் இல்லை. என் கேமராவில் இருந்த தூசி அது. அதைத் துடைத்த பிறகும் பழைய வெள்ளைப் படத்தையே பயன்படுத்தினேன். யாரும் தேட வேண்டாம். தவறு என்னுடையது. படமும் என்னுடையது.’

திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.

செயலாளர் கையால் ஒரு நகல் எழுதி, மேல் விளிம்பில் மட்டும் பசை தொட்டுப் புத்தகத்தில் ஒட்டினார். அசலை நானே மூன்றாக மடித்து உறையில் இட்டேன். மாப்பிள்ளை உறையின் வாயைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஊதினான்.

"என்ன பண்றே?"

"இந்தத் தடவையாவது தூசி இல்லாமப் போகட்டும் மச்சான்."

தையலக்கா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். உறையை வாங்கி, மடிப்பில் பசை தடவி, இஸ்திரி போடுகிறவர் கையால் ஓரத்திலிருந்து ஓரம் வரை அழுத்தித் தேய்த்து ஒட்டினார். தெருமுனைப் பெட்டியில் கடைசித் தபால் எடுக்க ஐந்தரைக்கு ஆள் வருவார். ஐந்து இருபத்தைந்துக்குத் தையலக்காவே உறையைப் பெட்டிக்குள் போட்டார். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்கும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.